இறக்கைக்குள் ஒரு ரப்பர் பை

இந்த எபிசோடை சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து பேசுறேன். செங்கல்பட்டு லோக்கல்ல தாம்பரத்தைத் தாண்டி வந்தவங்களுக்கு இந்த ஊர் தெரியும். பாறையைக் குடைஞ்ச நரசிம்மர் கோயில், ஒரகடம் போற ரோடு, கம்பெனி ஷிப்ட் பஸ்கள். சில நாள் காலையில இதோட இன்னொரு சத்தமும் சேரும். தாம்பரம் விமானப்படைத் தளத்துல இருந்து கிளம்புற பயிற்சி விமானங்களோட சத்தம்.

அந்த மாதிரி ஒரு சின்ன விமானத்துல பெட்ரோல் எங்கே இருக்கும்? பெரும்பாலும் இறக்கைக்குள்ளதான்னு பலருக்குத் தெரியும். ஆனா அது எதுல இருக்கும்? பைக்குல இருக்கிற மாதிரி ஒரு தகர டேங்க்னு நினைப்போம். நிறைய விமானங்கள்ல அது தகரம் இல்லை, ஒரு ரப்பர் பை. பழைய ஃபுட்பாலுக்குள்ள பிளாடர் போட்டுக் காத்தடிப்பாங்க இல்லையா, அந்த மாதிரி இறக்கையோட வெற்று இடத்துக்குள்ள மடிச்சுத் திணிச்சு விரிச்ச ஒரு பை. இங்கிலீஷ்லயும் அதுக்குப் பேர் பிளாடர்தான்.

அந்தப் பை எப்படி வந்தது, கெட்டுப்போனா எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, கண்டுபிடிக்க முடியாத பழுது இருந்தா என்ன ஆகும்? இந்த மூணும்தான் இன்னைக்குக் கதை. மூணாவது கேள்விக்குப் பதில் நம்ம விமானப்படைக்குள்ளயே இருக்கு. அது கொஞ்சம் கனமான பதில்.

தகர டின் காலம்

ஜி.எஸ்.டி ரோடு ஒரு விதத்துல தமிழ்நாட்டோட விமான ரோடு. 1910-ல பல்லாவரத்துல டி'ஏஞ்சலிஸ்னு ஒரு ஹோட்டல்காரர் தானே கட்டின விமானத்தைப் பறக்க வச்சுப் பார்த்தார். பிறகு மீனம்பாக்கத்துல விமான நிலையமும் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பும் வந்தது. 1949-ல குரோம்பேட்டையில எம்.ஐ.டி. வந்தது, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிச்ச இடம். அதுக்குத் தெற்கே தாம்பரம்.

ஆரம்ப கால விமானங்கள்ல டேங்க் எல்லாம் செம்பு, தகரம், அலுமினியம். 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து பம்பாய்க்கு ஒரு சின்ன பஸ் மாத் விமானத்துல தபால் கொண்டுவந்தார். அங்கே இருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வழியில அகமதாபாத்துல பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில, நாலு காலன் டின்கள்ல.

அந்தக் காலத்துல டின்னைத் திறந்து ஊத்தும்போது மெல்லிய தோல் துணி வச்சு வடிகட்டுவாங்க. தண்ணி உள்ளே போயிடக் கூடாதுன்னுதான். பெட்ரோலை விடத் தண்ணி கனம், அடியில போய் உட்காரும். எஞ்சினுக்குப் போற குழாய் தொடங்குறதும் அடியிலதான். இந்தத் தண்ணியை ஞாபகம் வச்சுக்கங்க, கதையில இன்னொரு தடவை வரும்.

உலோக டேங்குக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அதிர்வுல விரிசல் விடும், மோதினா கிழியும், குண்டு பட்டா ஓட்டை வழியா பெட்ரோல் பீச்சும். முதல் உலகப் போர்ல விமானிகள் அதிகமா பயந்தது கீழே விழறதுக்கு இல்லை, பறந்துகிட்டே எரியறதுக்கு.

ரப்பர் வந்த வழி

ரெண்டாம் உலகப் போர்ல அதுக்கு ஒரு புத்திசாலித்தனமான தீர்வு பரவலாச்சு. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருந்தா ரசிப்பீங்க. இயற்கை ரப்பர்ல பெட்ரோல் பட்டா அது ஊறி உப்பிடும். ரப்பருக்கு அது பலவீனம். அந்தப் பலவீனத்தையே காவலுக்கு வச்சாங்க. உள்பக்கம் பெட்ரோலைத் தாங்குற ஒரு அடுக்கு, அதுக்கு வெளியே பதப்படுத்தாத ரப்பர் ஒரு அடுக்கு. குண்டு துளைச்சதும் பெட்ரோல் கசிஞ்சு அந்த இரண்டாவது அடுக்கைத் தொடும். ரப்பர் உப்பும், ஓட்டை தானா மூடிக்கும். தன்னைத் தானே அடைச்சுக்கிற டேங்க். ஜப்பானோட ஜீரோ போர் விமானம் எடை குறையணும்னு இந்தப் பாதுகாப்பு இல்லாமத்தான் பறந்தது. அதனால சீக்கிரம் தீப்பிடிச்சது.

உள் அடுக்குக்கு வேண்டியது பெட்ரோல்ல ஊறாத ரப்பர். அது இயற்கையில கிடையாது. 1930-கள்ல ஜெர்மனியில செயற்கையா உருவாக்கின நைட்ரைல் ரப்பர் அந்த வேலையைச் செஞ்சது. நம்ம பைக்கோட பெட்ரோல் ஹோஸ்ல, ஓ-ரிங்ல இன்னைக்கும் பரவலா இருக்கிறது அதே குடும்பம்.

இயற்கை ரப்பர் எங்கே இருந்து வந்தது? பெரும்பங்கு மலாயாவுல இருந்து. அங்கே ரப்பர் பால் வெட்டினவங்க யார்? நாகப்பட்டினத்துலயும் மெட்ராஸ்லயும் கப்பல் ஏறிப் போன தமிழ்த் தொழிலாளர்கள். 1941 டிசம்பர்ல ஜப்பான் மலாயாவுல இறங்குச்சு. 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வந்துகிட்டிருந்த ரப்பர்ல பெரும்பகுதி ரெண்டு மூணு மாசத்துல நின்னுபோச்சு. செயற்கை ரப்பர் ஒரு தேசிய அவசரமா மாறினது அதனாலதான். அந்தத் தோட்டத் தமிழர்கள்ல ஆயிரக்கணக்கானவங்களை ஜப்பான் ராணுவம் சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோச்சு. பலர் திரும்பவே இல்லை. விமானத்துக்கு ரப்பர் டேங்க் வந்த வரலாறைச் சொல்லும்போது பொதுவா ரெண்டு மூணு டயர் கம்பெனிகள் பேர்தான் வரும். அந்த வரலாற்றுல இவங்களும் இருக்காங்க.

பை கிழவனாகும்போது

போர் முடிஞ்சதும் இந்தத் தொழில்நுட்பம் சாதாரண சின்ன விமானங்களுக்கும் வந்தது. குண்டு பயம் இல்லாததால அடைச்சுக்கிற அடுக்கு போச்சு, மெல்லிசான நைட்ரைல் பை மட்டும் நின்னுச்சு. உலகம் முழுக்கப் பேர் போன செஸ்னா 182-ல 1970-கள் கடைசி வரைக்கும் இந்த மாதிரி பைகள்தான். அப்புறம் வந்த மாடல்கள்ல இறக்கையோட உட்புறத்தையே கசியாம சீல் பண்ணி டேங்க் ஆக்கிட்டாங்க. உங்க வண்டியோட சொல்லணும்னா ட்யூப் டயர்ல இருந்து ட்யூப்லெஸ்ஸுக்கு மாறின மாதிரி.

பையோட நல்ல குணம், மோதும்போது கிழியாம வளைஞ்சு கொடுக்கும். அமெரிக்க ராணுவம் 1970-ல இருந்து ஹெலிகாப்டர்கள்ல மோதலைத் தாங்குற பைகளை வச்சது. உயிர் பிழைக்கக்கூடிய விபத்துகள்ல தீயால சாகிறது பெரிய அளவுல குறைஞ்சது. ஃபார்முலா 1 கார்லயும் டிரைவர் முதுகுக்குப் பின்னால இருக்கிறது இதோட பலமான ஒரு வடிவம்தான்.

கெட்ட குணம், அதுக்கு வயசாகும். ரப்பருக்கு மென்மை கொடுக்குற பொருளைப் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுத்துடும். டேங்க் நிறைஞ்சு இருக்கிற வரைக்கும் அது தெரியாது. விமானத்தை மாசக்கணக்குல டேங்க் காலியா நிறுத்தினா ரப்பர் காய்ஞ்சு விறைச்சு வெடிக்கும். அதனாலதான் பையை நாள் கணக்குல காலியா வைக்க வேண்டி வந்தா உள்ளே மெல்லிசா எண்ணெய் பூசச் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, பை இறக்கைக்குள்ள சும்மா கிடக்கிறது இல்லை. மேல்பக்கம் வரிசையா பிரஸ் பட்டன் மாதிரி கொக்கிகள் அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கும். காத்து உள்ளே வர ஒரு சின்னக் குழாய் உண்டு. நம்ம ஊர்ல குளவி எந்த ஓட்டையைப் பார்த்தாலும் மண்ணு வச்சு அடைக்கும் இல்லையா? அந்தக் குழாயை அப்படி அடைச்சிட்டா, எஞ்சின் பெட்ரோலை உறிய உறிய உள்ளே வெற்றிடம் உண்டாகும். பை சுருங்கும், அடிப்பாகம் மேலே எழும்பும். அதோட பெட்ரோல் அளவைக் காட்டுற மிதவையும் மேலே போகும். அப்போ டேங்க் காலியாகிட்டே வரும், மீட்டர் மட்டும் ஃபுல்னு காட்டும்.

இதை விட நுணுக்கமான ஆபத்து ஒரு சுருக்கம். பை சரியா விரியலைன்னா அடியில மடிப்பு விழும். மடிப்புக்குப் பின்னால தண்ணி தேங்கும். விமானி கிளம்பும் முன்னாடி டேங்க் அடியில இருக்கிற வால்வைத் திறந்து கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சுப் பார்ப்பார், தண்ணி வராது. விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது மடிப்பைத் தாண்டித் தண்ணி எஞ்சினுக்குப் போகும். சோதனையும் செஞ்சாச்சு, எஞ்சினும் நின்னாச்சு. இதுக்காகவே 1984-ல அமெரிக்க விமானத் துறை செஸ்னாக்களுக்கு ஒரு கட்டாய உத்தரவு போட்டது. பைகள்ல சுருக்கம் இருக்கான்னு பாருங்க, இறக்கையை ஆட்டி, வாலைத் தாழ்த்தி, ஒளிஞ்ச தண்ணியை வெளியே கொண்டுவந்து வடிங்கன்னு.

பழுது எங்கே?

சரி, இறக்கைக்கு அடியில ஈரம் தெரியுது. சின்ன விமானங்களோட பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பாங்க. பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் நீலக் கறை நிக்கும். துப்பறியும் வேலை அந்தக் கறையில தொடங்கும். ஆனா கறை இருக்கிற இடம் லீக் இருக்கிற இடம் இல்லை. கசிஞ்சது இறக்கையோட விலா எலும்பு மாதிரி இருக்கிற தகட்டு வழியா ஓடி, வேற எங்கேயோ சொட்டும்.

ஸ்டேஷன் பக்கத்துல பஞ்சர் ஒட்டுற அண்ணன்கிட்ட ஒரு நாள் கேட்டேன். "அண்ணே, காத்து இறங்குதுன்னா உடனே ட்யூப்பை மாத்திடலாம்ல?" அவர் சிரிச்சார். "ட்யூப் காசு உனக்கு நிறைய இருக்கா தம்பி? மொதல்ல வால்வைப் பாரு. அப்புறம் ட்யூப்பைப் பாரு. அப்புறம் டயருக்குள்ள கை விட்டு முள்ளைத் தேடு. முள்ளு உள்ள இருந்தா நீ எத்தனை ட்யூப் மாத்தினாலும் என்கிட்டதான் வருவ."

விமான மெக்கானிக்கோட வரிசையும் கிட்டத்தட்ட அதேதான். முதல்ல மூடி, காஸ்கெட், ஹோஸ் கிளாம்ப், மிதவை பொருத்தின இடம், வடிகால் வால்வு. நிறைய லீக் இங்கேயே மாட்டிக்கும். இதெல்லாம் சரின்னாதான் பை மேல சந்தேகம். பெட்ரோலை வடிச்சு, ஆவி போகக் காத்தோட்டம் விட்டு, வாய்களை அடைச்சு, ரொம்பக் குறைஞ்ச அழுத்தத்துல காத்து கொடுத்துப் பார்ப்பாங்க. பைக் டயருக்கு அடிக்கிற அழுத்தத்தோட ஒப்பிட்டா அது ஒரு மூச்சு மாதிரி. கூடக் கொடுத்தா பையோட இறக்கையே கெட்டுப்போகும். காத்து நின்னா லீக் இல்லை, இறங்கினா சோப்பு நுரை.

நுரைக்கும் சிக்காத ஊசி ஓட்டைக்கு ஒரு அழகான வழி இருக்கு. பையை வெளியே எடுத்து, உள்ளே அம்மோனியாவுல நனைச்ச துணியைப் போட்டு, காத்து நிரப்புவாங்க. வெளியே ஃபீனால்ப்தலீன் நனைச்ச வெள்ளைத் துணியால மூடுவாங்க. லேப்ல டைட்ரேஷன் பண்ணும்போது திடீர்னு ரோஸ் கலர் வருமே, அதே திரவம். எந்த இடத்துல ஓட்டை வழியா அம்மோனியா வருதோ, அங்கே துணியில ஒரு ரோஸ் புள்ளி.

பையை எடுக்கிறதுக்குத் தேவை பெரிய மெஷின் இல்லை, பொறுமையும் ஒல்லியான கையும். தட்டு அளவு ஒரு வாய் வழியா கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளை ஒவ்வொண்ணா விடுவிக்கணும். ஹோஸ்களைக் கழட்டணும். பையை உள்ளேயே மடிச்சு அந்த வாய் வழியா இழுக்கணும். அப்புறம்தான் அந்த அண்ணன் சொன்ன "முள்ளைத் தேடு" வரும். காலியான அறையை விரலால தடவி, கூரான ரிவெட், தகட்டு விளிம்பு, எப்பவோ உள்ளே விழுந்த ஸ்க்ரூ எல்லாத்தையும் தேடணும். கூர் இருக்கிற இடத்துல டேப் ஒட்டணும். புதுப் பையை வெதுவெதுப்பா வச்சு மென்மையாக்கி, மடிச்சு நுழைச்சு, உள்ளே விரிச்சு, கொக்கிகளை மறுபடி மாட்டணும். ஒரு கொக்கி விட்டுப்போனாலும் முன்னாடி சொன்ன மடிப்பு, தண்ணி, பொய் சொல்ற மீட்டர் எல்லாம் திரும்ப வரும். நட்டுகளை இறுக்குறதும் மெதுவாத்தான், அளந்துதான். அதிகமா இறுக்கினா ரப்பர் பிதுங்கி புது லீக் வரும். கடைசியில மறுபடி அழுத்த சோதனை, அளந்து பெட்ரோல் ஊத்தி மீட்டர் சரிபார்ப்பு.

பழைய பையை எடுத்துப் புதுப் பையை மாட்டுறது இந்த வேலையில ஒரு பங்குதான். மீதி எல்லாம் தேடல்.

தீபக்

இப்போ அந்த மூணாவது கேள்வி. தேடியும் முள் கிடைக்கலைன்னா?

1951-ல முதல் தடவை பறந்த ஹெச்.டி-2, இந்தியாவுல வடிவமைச்ச பயிற்சி விமானம். அதுக்கு அடுத்து பெங்களூரு ஹெச்.ஏ.எல். உருவாக்கினது ஹெச்.பி.டி-32, பேரு தீபக். முதல் பறப்பு 1977 ஜனவரி, படையில சேர்ந்தது 1984. செஸ்னா பைகளுக்கு அமெரிக்கா உத்தரவு போட்ட அதே வருஷம். 260 குதிரைசக்தி பிஸ்டன் எஞ்சின், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட். இறக்கைகள்ல நாலு வளையும் டேங்குகள், மொத்தம் 220 லிட்டர். உடல் பகுதியில 9 லிட்டருக்கு ஒரு சின்ன உலோக டேங்க். நூறுக்கும் மேல கட்டினாங்க.

இருபது வயசுப் பயிற்சி அதிகாரிகள் வாழ்க்கையில முதல் தடவை கையில எடுத்த விமானம் இது. அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போற ஆசிரியர்களை உருவாக்குற பள்ளி இருக்கிறது தாம்பரத்துல. 1948-ல அம்பாலாவுல ஆரம்பிச்சு 1954-ல இங்கே வந்தது. அந்தப் பள்ளியிலயும் தீபக் பறந்திருக்கு.

தீபக்கோட பிரச்சினை, பறந்துகிட்டு இருக்கும்போதே எஞ்சின் நின்னுபோறது. எஞ்சின் நின்னா நல்லா மிதந்து இறங்குற விமானமும் இல்லை அது. சந்தேகம் திரும்பத் திரும்பப் போனது எரிபொருள் அமைப்பு மேல. முக்கியமா ஆவி அடைப்பு. சூட்டுல குழாய்க்குள்ளயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப்பால தள்ள முடியாம போற நிலை. டேங்க் பைகள் மேல குத்தம்னு நான் சொல்லலை. நான் சொல்ல வர்றது, இது எவ்வளவு கண்ணுக்குத் தெரியாத பழுதுங்கிறது. லீக்னா நீலக் கறை விட்டுட்டுப் போகும். ஆவி எந்தக் கறையும் விடாது. எஞ்சின் ஆறினதும் அது மறுபடி திரவமாகிடும். தரையில சோதிச்சா எல்லாம் சரியா ஓடும். விமானம் விழுந்து எரிஞ்சிட்டா, பார்க்கக் குழாயே மிஞ்சாது.

2009 ஜூலை கடைசியில, இன்னைக்குத் தெலங்கானாவுல இருக்கிற மேதக் மாவட்டத்துல ஒரு தீபக் விழுந்தது. ரெண்டு விமானிகளும் இறந்தாங்க. அதோட எல்லா தீபக்கையும் தரையில நிறுத்தினாங்க. அப்போ பத்திரிகைகள்ல வந்த கணக்கு, 17 விபத்துகள், 19 விமானிகளோட உயிர்.

அதுக்கப்புறம் பேசப்பட்ட ஒரு யோசனை என்ன தெரியுமா? விமானத்தை முழுசா தாங்கி இறக்குற ஒரு பாராசூட்டைப் பொருத்துறது. பாராசூட் நல்ல விஷயம்தான், உலகத்துல பல சின்ன விமானங்கள்ல இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. எஞ்சின் ஏன் நிக்குதுங்கிறதுக்கு அது பதில் இல்லை. நின்னா என்ன பண்றதுங்கிறதுக்கு மட்டும்தான் பதில். முள் டயருக்குள்ளயே இருக்கு.

தீபக் திரும்பப் பயிற்சிக்கு வரவே இல்லை. புதுசா சேர்ந்த பையன்கள் சில வருஷம் நேரா கிரண் ஜெட்லயே பறக்கக் கத்துக்க வேண்டியதாச்சு. 2012-ல சுவிட்சர்லாந்தோட பிலாட்டஸ் கம்பெனிகிட்ட 75 விமானம் ஆர்டர் பண்ணி, 2013-ல அது வந்து சேர்ந்தது. அதாவது பழுதைச் சரி பண்ணலை, விமானத்தையே மாத்தினாங்க. 1984-ல இருந்து 2009 வரைக்கும் 25 வருஷம். இதுல தனியா ஒருத்தர் மேல விரல் நீட்டுறது என் நோக்கம் இல்லை. ஒரு அமைப்பு, காரணம் உறுதியா தெரியாத பழுதோட எவ்வளவு நாள் பறக்கலாம்ங்கிறதுதான் கேள்வி. அன்னைக்கு அதுக்கு யாரும் ஒரு எல்லை போடலை. கடைசி விபத்துதான் போட்டுச்சு.

நீங்க எப்பவாவது ஒரு ஃப்ளையிங் கிளப் பக்கம் போனா இதைக் கவனிங்க. கிளம்புறதுக்கு முன்னாடி விமானி ஒரு சின்ன கண்ணாடிக் குவளையோட இறக்கைக்கு அடியில குனிவார். கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பார். நிறம் நீலமா? அடியில தண்ணி முட்டை இருக்கா? பத்து செகண்ட் வேலை. அந்தக் குவளைக்கும் பழைய தோல் துணிக்கும் வேலை ஒண்ணுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்கு முன்னாடி உங்க வண்டியோட பெட்ரோல் ஹோஸை ஒரு தடவை வளைச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா மாத்திடுங்க. அப்படியே அது ஏன் வெடிச்சதுன்னும் மெக்கானிக்கிட்ட கேளுங்க.